தாய்லாந்தில் ஓய்வுக்கால விசாவுக்காக வங்கிக் கணக்கு தொடங்குவது எப்படி? சுற்றுலாவாகப் போய்த் திறக்க முடியுமா?

கேள்வி கேட்டவருக்கு 58 வயது. மனைவியோடு சியாங் மாயில் தங்கத் திட்டம். முதலில் சுற்றுலாவாகப் போய் கணக்கைத் திறந்துவிட்டு, பிறகு ஓய்வுக்கால விசாவுக்கு மாறலாமா என்று கேட்டிருக்கிறார்.

மாறலாம். ஆனால் இருப்பதிலேயே சுற்றி வளைத்த வழி அதுதான்.

சுற்றுலாப் பயணிக்குக் கணக்கு தரக்கூடாது என்று அங்கே சட்டம் இல்லை. முடிவு கிளை மேலாளர் கையில் இருக்கிறது. அதனால்தான் ஒரே வங்கியின் ஒரு கிளை "முடியாது" என்று அனுப்பிவிட, அடுத்த தெருவில் உள்ள கிளை அரை மணி நேரத்தில் பாஸ்புக் அடித்துக் கொடுக்கிறது. மோசடிக் கும்பல்கள் அடுத்தவர் கணக்குகளை வாடகைக்கு எடுத்துப் பணம் சுற்றவிடுவது பெருகியதிலிருந்து கெடுபிடி கூடிவிட்டது. நீண்டகால விசா இல்லாத பாஸ்போர்ட்டைப் பார்த்ததுமே பல கிளைகள் மறுத்துவிடும்.

நேரான வழி, இந்தியாவிலிருந்தே ஓ-ஏ (O-A) எனப்படும் ஓய்வுக்கால விசா வாங்கிக்கொண்டு போவது. 50 வயது நிறைந்திருக்க வேண்டும். 8 லட்சம் பாத்துக்கு (தாய்லாந்து நாணயம்) ஈடான தொகையை உங்கள் ஊர் வங்கிக் கணக்கிலேயே காட்டலாம். போலீஸ் சான்று, மருத்துவச் சான்று, 1 லட்சம் டாலர் அளவுக்கு மருத்துவக் காப்பீடு ஆகியவையும் வேண்டும். இடிப்பது காப்பீட்டில்தான். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவருக்கு பிரீமியம் எகிறும். விசாவை ஆண்டுதோறும் நீட்டிக்கும்போதும் காப்பீட்டைக் காட்ட வேண்டும். அதனால் காப்பீடு கேட்காத இன்னொரு விசா வகையான நான்-ஓ (Non-O) பக்கம் பலரும் போகிறார்கள். தாய்லாந்துக்குள் நுழைந்த பிறகு நான்-ஓ-வுக்கு மாற 2,000 பாத் கட்டணம், தங்கும் அனுமதியில் குறைந்தது 15 நாள் மிச்சம், தாய்லாந்து வங்கியில் உங்கள் பெயரில் 8 லட்சம் பாத் ஆகியவை வேண்டும். விசா இருந்தால்தான் கணக்கு, கணக்கு இருந்தால்தான் விசா என்ற முடிச்சு விழுவது இங்கேதான்.

அந்த முடிச்சை அவிழ்ப்பது முகவரிச் சான்று. வீட்டை வாடகைக்கு எடுத்ததும், வெளிநாட்டவர் தங்கியிருப்பதை வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் இமிகிரேஷனுக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்குப் பெயர் டிஎம்-30. அந்த ரசீதையும் வாடகை ஒப்பந்தத்தையும் காட்டி, இமிகிரேஷன் அலுவலகத்தில் குடியிருப்புச் சான்று வாங்கலாம். சில ஊர்களில் அன்றே கிடைக்கும், சில ஊர்களில் வாரக்கணக்கில் ஆகும். டிஎம்-30 போடாத வீட்டுக்காரரிடம் மாட்டிக்கொண்டால் எல்லாம் அங்கேயே நின்றுவிடும். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே "டிஎம்-30 போட்டுத் தருவீர்களா?" என்று கேட்டுவிடுங்கள்.

கிளைக்குப் போகும்போது பாஸ்போர்ட், குடியிருப்புச் சான்று, வாடகை ஒப்பந்தம், உங்கள் பாஸ்போர்ட்டில் பதிந்த உள்ளூர் சிம் எல்லாம் கையில் இருக்கட்டும். வரி எண் கேட்கும் படிவத்தில் பான் எண்ணை எழுத வேண்டும். சிம் மனைவி பெயரிலோ வீட்டுக்காரர் பெயரிலோ இருந்தால் மொபைல் ஆப் கிடைக்காது. சில நாளில் காலாவதியாகும் டூரிஸ்ட் சிம்மும் வேண்டாம். எண் போனால் ஆப்பும் போய்விடும். பாங்காக் பேங்க், காசிகார்ன் இரண்டிலும் வெளிநாட்டவர் கணக்குகள் நிறைய உண்டு. வெளிநாட்டவர் அதிகம் வசிக்கும் பகுதியிலுள்ள கிளையாகப் பார்த்துப் போங்கள். கணக்கோடு சேர்த்து சில ஆயிரம் பாத்துக்கு விபத்துக் காப்பீட்டையும் தலையில் கட்டப் பார்க்கும் கிளைகள் உண்டு. சட்டப்படி அது கட்டாயமில்லை. சிரித்துக்கொண்டே மறுத்துப் பாருங்கள், விடவில்லை என்றால் வேறு கிளைக்குப் போங்கள்.

பெயர் விஷயத்தில் நம் ஊர்க்காரர்களுக்குத் தனிச் சிக்கல் உண்டு. இந்திய வங்கியில் "கே. ராமசாமி", பாஸ்போர்ட்டில் "ராமசாமி கருப்பையா", குடும்பப் பெயர்க் கட்டம் காலி என்று இருந்தால், பணம் அனுப்பியவரும் பெற்றவரும் வேறு வேறு ஆள்போலத் தெரியும். கிளம்புவதற்கு முன்பே இந்திய வங்கிக் கணக்கின் பெயரை பாஸ்போர்ட்டில் உள்ளபடி மாற்றிவிடுங்கள். அங்கே பாஸ்புக் அடித்துக் கொடுத்ததும், கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன் ஒவ்வொரு எழுத்தாகச் சரிபாருங்கள்.

அடுத்து பணம். 8 லட்சம் பாத் கணக்கில் இருந்தால் மட்டும் போதாது; அது வெளிநாட்டிலிருந்து வந்தது என்று தாளில் தெரிய வேண்டும். இந்தியாவிலிருந்து ஒரு பயணத்துக்கு 3,000 டாலருக்கு மேல் நோட்டாக எடுத்துப்போக முடியாது என்பதால் ரொக்கமாகக் கொண்டுபோகும் யோசனையை விடுங்கள். வங்கி வழியாக டாலராக அனுப்பி, பாத்தாக மாற்றுவதைத் தாய்லாந்து வங்கியிடம் விடுங்கள். பெரும்பாலும் அங்கேதான் நல்ல விலை கிடைக்கும். வந்ததும் கிளையில் வரவுச் சான்று கேட்டு வாங்கி வையுங்கள். சில பணம் அனுப்பும் ஆப்கள் தாய்லாந்துக்குள் இருக்கும் கூட்டாளி வங்கி வழியாகப் பணத்தைப் போடும். பாஸ்புக்கில் அது உள்ளூர்ப் பரிமாற்றமாகவே பதிவாகும், இமிகிரேஷனில் தள்ளிவிடுவார்கள். இன்னொன்று: சரியாக 8 லட்சம் வருகிற மாதிரி அனுப்பாதீர்கள். இடைப்பட்ட வங்கியும் பெறும் வங்கியும் கட்டணம் பிடிக்கும், விலையும் ஏறி இறங்கும். 7,99,400 என்று நின்றாலும் விண்ணப்பம் திரும்பிவிடும். பத்திருபதாயிரம் பாத் கூடுதலாக அனுப்புவது நல்லது.

இந்தியாவில் வசிப்பவர் ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் இப்படி அனுப்பினால், அதிகப்படியான தொகைக்கு 20 சதவீதம் டிசிஎஸ் (பணம் அனுப்பும்போதே வங்கி முன்கூட்டி வசூலிக்கும் வரி) பிடிப்பார்கள். பாத் 2.80 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 8 லட்சம் பாத்துக்கு 22.4 லட்சம் ரூபாய். ஒரே தடவையில் அனுப்பினால் பிடித்தம் 2.48 லட்சம். 10 லட்சத்தை மார்ச்சிலும் மீதியை ஏப்ரலிலும் அனுப்பினால் 48,000 ரூபாயோடு முடியும். வருமான வரிக் கணக்கில் இதைத் திரும்பப் பெறலாம்தான், ஆனால் அதுவரை பணம் முடங்கும். இந்தியாவில் வரிக்குரிய குடியிருப்பாளராக இருக்கும் ஆண்டுகளில் இந்தக் கணக்கை ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலில் காட்ட மறக்காதீர்கள்.

90 நாள் நான்-ஓ கிடைத்தபின் ஓராண்டு நீட்டிப்புக்கு 1,900 பாத். விண்ணப்பிக்கும் நாளுக்கு முன் 2 மாதம் முழுதாக 8 லட்சம் கணக்கில் இருந்திருக்க வேண்டும். அனுமதி கிடைத்த பின்னும் 3 மாதம் தொடக்கூடாது. அதன்பின் அடுத்த நீட்டிப்பு நெருங்கும்வரை 4 லட்சத்துக்குக் கீழே இறங்கக்கூடாது. ஆக 4 லட்சம் பாத் நிரந்தரமாக முடங்கிக் கிடக்கும். அன்றாடச் செலவுக்கு இன்னொரு கணக்கைத் திறந்துகொண்டால், மருத்துவமனை பில் கட்டும் அவசரத்தில் இந்தக் கணக்கில் கைவைத்துவிடும் ஆபத்து இருக்காது. மாதம் 65,000 பாத் வருமானம் காட்டும் மாற்று வழியில் ஒரு மாத வரவு தவறினாலும் சிக்கல். பென்ஷன் நாள் முன்னே பின்னே ஆகிறவர்களுக்கு டெபாசிட் வழியே மேல்.

நீட்டிப்புக்குப் போகும் நாளில் காலையிலேயே கிளைக்குப் போய் இருப்புச் சான்றுக் கடிதம் வாங்குங்கள். அதோடு 100 பாத் கணக்கில் போட்டு, பாஸ்புக்கை இயந்திரத்தில் பதியுங்கள். கடைசி வரியில் அன்றைய தேதி விழ வேண்டும், அதிகாரி முதலில் பார்ப்பது அந்த வரியைத்தான். மாதக்கணக்கில் பாஸ்புக் பதியாமல் விட்டால் பல வரவுசெலவுகளைச் சேர்த்து ஒரே வரியாக அடித்துவிடும். அப்புறம் 12 மாத ஸ்டேட்மென்ட் கேட்டு அலைய வேண்டியதுதான். மாதம் ஒரு முறை பதிந்துவிடுங்கள்.

8 லட்சத்தைத் தாங்களே கணக்கில் போட்டுக் காட்டி விசா வாங்கித் தருவதாகச் சொல்லும் ஏஜென்ட்கள் எல்லா ஊரிலும் உண்டு. மொழி தெரியாதவருக்கு வங்கிக்குத் துணை வர ஏஜென்டுக்குக் காசு கொடுப்பது வேறு. ஆனால் அடுத்தவர் பணத்தை உங்கள் பணமாகக் காட்டுவது மோசடி, பிடிபட்டால் நாட்டை விட்டு வெளியேற்றப்படுவது நீங்கள்தான்.

மனைவிக்குத் தனியாக இன்னொரு 8 லட்சம் தேவையில்லை. பதிவுத் திருமணச் சான்றை முறைப்படி சான்றொப்பம் பெற்றுக் காட்டினால், உங்களைச் சார்ந்தவராக அவருக்கும் நீட்டிப்பு கிடைக்கும். ஆனால் விசாவுக்கான கணக்கு உங்கள் ஒருவர் பெயரில்தான் இருக்க வேண்டும், கூட்டுக் கணக்கு செல்லாது. நம் ஊர் வங்கியைப் போல நாமினி போடும் வழக்கமும் அங்கே இல்லை. கணக்குக்காரர் இறந்தால் நீதிமன்ற உத்தரவு வரும்வரை கணக்கை முடக்கிவிடுவார்கள். ஏடிஎம் பின் தெரியும் என்று அதற்குப்பின் மனைவி பணம் எடுத்தாலும் அது குற்றம். அதனால் பணம் வந்து சேர்ந்த கையோடு, அங்குள்ள வழக்கறிஞரிடம் இந்தக் கணக்குக்கு மட்டும் தாய் மொழியில் ஓர் உயில் எழுதிவிடுங்கள். மனைவி பெயரில் தனியாக ஒரு சிறு கணக்கைத் திறந்து, சில மாதச் செலவுக்கான பணத்தை அதில் போட்டு வையுங்கள்.