கேள்வி பதில்: நாவலில் மட்டும் தலைகாட்டும் பிரெஞ்சு இறந்தகாலம்

கேள்வி: கொஞ்ச நாளாக பிரெஞ்சு படிக்கிறேன், ஓரளவு பேசவும் வரும். தைரியமாக ஒரு நாவலை எடுத்தால் முதல் பக்கத்திலேயே 'ஃபூ', 'வேன்', 'ப்ரி' என்று முன்பின் தெரியாத வினைச்சொற்களாக வருகின்றன. நான் படித்த இறந்தகாலம் எங்கே போயிற்று?

எங்கும் போகவில்லை. நீங்கள் படித்தது பஸே கொம்போஸே, அதாவது அவ்வார் (உடைத்தாயிருப்பது) அல்லது எத்ர் (இருப்பது) என்ற துணைவினையோடு இரண்டு சொல்லாக வரும் இறந்தகாலம். நாவலில் பார்த்தது பஸே ஸேம்ப்ல், ஒரே சொல்லில் வேலையை முடித்துவிடும். 'இல் அ பார்லே' என்றாலும் 'இல் பார்லா' என்றாலும் அவன் பேசினான் என்பதுதான் பொருள். முதலாவது வாய்க்கு, இரண்டாவது ஏட்டுக்கு.

ஒரு காலத்தில் இரண்டுமே பேச்சில் இருந்தன. 1660-ல் வந்த போர்-ருவாயால் இலக்கண நூல், இன்று நடந்ததற்கு இந்த ஒற்றைச் சொல் வடிவம் ஆகாது, குறைந்தது ஒரு நாளாவது கடந்திருக்க வேண்டும் என்று கோடு போட்டுப் பார்த்தது. கோடு நிற்கவில்லை. கொம்போஸே மெல்ல மெல்ல நேற்றையும், போன வருடத்தையும், தாத்தா காலத்தையும் பிடித்துக்கொண்டுவிட, ஸேம்ப்ல் புத்தகத்துக்குள் ஒதுங்கிவிட்டது. 'வந்தார்கள்' என்று எழுதிவிட்டு 'வந்தாங்க' என்று பேசுகிற நமக்கு இதில் பெரிய அதிர்ச்சி இருக்கக் கூடாது. நமக்கு விகுதி மட்டும் மாறுகிறது, அவர்களுக்கு வினையின் அமைப்பே மாறுகிறது, அவ்வளவுதான்.

பழகும்வரை இதில்லாமல் ஒரு நாவல் படிக்கலாமா என்று கேட்டால், 1942-ல் வந்த காம்யுவின் 'அந்நியன்' இருக்கிறது. கிட்டத்தட்ட முழுக்க கொம்போஸேயில் எழுதப்பட்ட கதை அது. அப்படி எழுதியதே அன்று பேசப்பட்டது என்றால் மற்ற நாவல்கள் எந்தக் காலத்தில் இருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். தப்பிக்க வழியில்லை.

கேள்வி: இலக்கணப் புத்தகத்தின் பின்பக்கத்தில் ஒவ்வொரு வினைக்கும் ஆறு வடிவம் போட்டிருக்கிறார்கள். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்யத்தான் வேண்டுமா?

வேண்டாம். 'அவன்/அவள்', 'அவர்கள்' என்ற இரண்டை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். கதை என்பது பெரும்பாலும் யாரோ ஒருவரைப் பற்றித்தானே! பிரான்சிலேயே 2016-ல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டம் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்தப் படர்க்கை வடிவங்களோடு நிறுத்திக்கொண்டது. மொழியே நாசமாகிவிட்டது என்று சிலர் கத்தினார்கள். எனக்கென்னவோ அது நியாயமாகத்தான் படுகிறது. 'நூ பார்லாம்', 'வூ பார்லாத்' (நாம் பேசினோம், நீங்கள் பேசினீர்கள்) எல்லாம் இன்றைய பிரெஞ்சுக்காரர் காதில் விழுந்தால் சிரித்துவிடுவார், அரச சபையில் நிற்கிற மாதிரி இருக்கும். தன்மையில் சொல்லப்படும் கதை கையில் கிடைத்தால் அப்போது 'ழெ' (நான்) வடிவத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். அதில் ஒரே ஒரு கண்ணி: 'ழெ பார்லே' கடைசியில் எஸ் இல்லாமல் ஏ-ஐ என்று முடிந்தால் ஸேம்ப்ல், ஏ-ஐ-எஸ் என்று முடிந்தால் ஏம்பர்ஃபே, அதாவது நடந்துகொண்டிருந்ததைச் சொல்லும் இன்னொரு இறந்தகாலம். பலர் இரண்டையும் ஒரே மாதிரி உச்சரிப்பதால் காது உதவாது, கண்தான் உதவும்.

சரி, அந்த இரண்டு வடிவத்துக்கு வருவோம். நாலு குடும்பம்தான். ஈ-ஆர் என்று முடியும் வினைகள் எல்லாம் 'ஆ, ஏர்' குடும்பம்: பார்லா, பார்லேர். மற்ற காலங்களில் பாடாய்ப் படுத்துகிற அலே (போவது) கூட இங்கே சமர்த்தாக 'அலா, அலேர்' என்று வரிசையில் நிற்கிறது. அடுத்தது 'இ, ஈர்' குடும்பம்: ஃபினி, ஃபினீர். முடித்தார்கள் என்கிற இந்த ஃபினீரும், முடிப்பது என்கிற மூல வினை ஃபினீரும் ஒலியில் அச்சு அசல் ஒன்று, எழுத்தில்தான் வித்தியாசம். மூன்றாவது 'ஊ, ஊர்' குடும்பம்: வூலூ, வூலூர், விரும்பினான், விரும்பினார்கள். இந்தக் கடைசி ஊ தமிழில் இல்லாத ஒலி, உதட்டைக் குவித்து வைத்துக்கொண்டு ஈ சொல்லிப் பாருங்கள். நாலாவது மிகச் சின்னக் குடும்பம், வெனீர் (வருவது), தெனீர் (பிடித்திருப்பது), அவற்றிலிருந்து பிறந்த தெவெனீர், ஒப்தெனீர் போன்றவை மட்டும்: வேன், வேன்ர்.

கேள்வி: எந்த வினை எந்தக் குடும்பம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஈ-ஆர் வினைகள் தவிர மற்றதெல்லாம் குழப்புகிறது.

கொம்போஸேக்காக நீங்கள் ஏற்கெனவே படித்து வைத்திருக்கும் எச்ச வடிவத்தைப் பாருங்கள். அது ஊ என்று முடிந்தால் ஸேம்ப்லும் பெரும்பாலும் ஊ தான்: படித்ததற்கு லூ, குடித்ததற்கு பூ, நம்பியதற்கு க்ரூ, அறிந்திருந்ததற்கு கொனூ. எச்சம் இ ஒலியில் முடிந்தாலும் அப்படியே: எடுத்ததற்கு ப்ரி, வைத்ததற்கு மி, சொன்னதற்கு தி.

இந்த வழி பாதி தூரம் கொண்டுபோகும், அப்புறம் கையை விட்டுவிடும். பார்த்ததற்கு எச்சம் வூ, ஆனால் ஸேம்ப்ல் வி. விற்றதற்கு வாந்தூ, ஆனால் வாந்தி. அடித்ததற்கு பத்தூ, ஆனால் பத்தி. வாழ்வது என்கிற விவ்ர் நிகழ்காலத்தில் 'இல் வி' என்று வரும், அது 'பார்த்தான்' என்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒன்று. அதனால் நாவலில் 'இல் வி' பார்த்தால் வாழ்கிறான் என்று அவசரப்பட வேண்டாம், அநேகமாக அவன் எதையோ பார்த்திருப்பான். வாழ்ந்தான் என்பதற்கு வேக்கூ.

இன்னொரு ஜோடி எத்ர் தரும் ஃபூவும் ஃபேர் தரும் ஃபியும். எஃப்-யு-டி என்றால் இருந்தான், எஃப்-ஐ-டி என்றால் செய்தான். நடுவில் ஓர் எழுத்து மாறினால் வாக்கியமே மாறிவிடும், வேகமாகப் படிக்கிறவர்கள் இங்கேதான் வழுக்குவார்கள். பிறந்ததும் இறந்ததும் எந்த ஊகத்துக்கும் வராதவை, வாழ்க்கை வரலாறுகளில் மறுபடி மறுபடி வரும், ஒரே மூச்சில் நெட்டுரு போட்டுவிடுங்கள்: விக்தோர் ஹ்யூகோ 1802-ல் பெஸான்சோனில் 'நகி', 1885-ல் பாரிஸில் 'மூரூ'.

கேள்வி: ஏம்பர்ஃபேயும் இறந்தகாலம்தானே, ஒரே பத்தியில் இரண்டும் மாறி மாறி வருகிறதே?

மாறி மாறி வருவதில்தான் கதையே இருக்கிறது. மழை பெய்துகொண்டிருந்தது, தெரு காலியாகக் கிடந்தது, அவன் சன்னலருகே உட்கார்ந்திருந்தான்: இதெல்லாம் ஏம்பர்ஃபே, எவ்வளவு நீட்டினாலும் கதை ஒரு அங்குலம் நகராது. கதவு திறந்தது, ஒரு பெண் உள்ளே வந்தாள், அவன் எழுந்தான்: இதெல்லாம் ஸேம்ப்ல், ஒன்று முடிந்து அடுத்தது. பக்கத்தில் இருக்கும் ஸேம்ப்ல் வினைகளை மட்டும் பென்சிலால் அடிக்கோடிட்டுப் படித்துப் பாருங்கள், கதைச் சுருக்கம் கிடைத்துவிடும். நடந்த சம்பவம் நீளமானதா குட்டையானதா என்பதல்ல விஷயம். ஓர் அரசன் நாற்பது வருடம் ஆண்டான் என்பதை முடிந்துபோன ஒரே துண்டாகப் பார்த்தால் ஸேம்ப்லில் 'ரேஞா' என்று தாராளமாக எழுதலாம். அவன் ஆண்டுகொண்டிருந்தபோது வேறு ஏதோ நடந்தது என்று சொல்ல வந்தால்தான் ஏம்பர்ஃபே.

உரையாடலை முடித்து வைக்கும் இடங்களையும் கவனியுங்கள், ஸேம்ப்லோடு பழக அதைவிட நல்ல இடம் இல்லை. ரேபோந்தி என்றால் பதில் சொன்னான், முர்முரா என்றால் முணுமுணுத்தான். 'தெமாந்தாத்தில்' என்று வந்தால் பயப்பட வேண்டாம், கேட்டான் என்கிற தெமாந்தாவுக்கும் இல்லுக்கும் நடுவே இரண்டு உயிரெழுத்து மோதாமல் இருக்க ஒரு டி எழுத்தைச் செருகியிருக்கிறார்கள்.

கேள்வி: பேசும்போது இதைப் பயன்படுத்தினால் மரியாதையாக இருக்குமா?

இருக்காது. நக்கல் செய்கிறீர்கள் என்று நினைப்பார்கள். நண்பருக்கு எழுதும் மின்னஞ்சலிலும் வேண்டாம். கதை எழுதுகிறீர்கள், வரலாறு எழுதுகிறீர்கள் என்றால் தாராளமாக.

கேள்வி: ஃபூ சில இடங்களில் யு தலையில் தொப்பியோடு வருகிறதே, அச்சுப்பிழையா?

பிழை இல்லை, அது வேறு ஆள். படர்க்கை ஒருமையில் தொப்பி இல்லாவிட்டால் பஸே ஸேம்ப்ல், தொப்பி இருந்தால் ஸப்ஜோங்க்திஃப் ஏம்பர்ஃபே. 'இருந்தால்கூட', 'இருக்க வேண்டும் என்று' போன்ற தொனியில் வருவது, பழைய நடையில்தான் அதிகம். படிக்கும்போது இரண்டும் வேறு என்று தெரிந்தால் போதும், அதை எழுதும் நிலைமை உங்களுக்கு வராது. நூ, வூ வடிவங்களில் மட்டும் ஸேம்ப்லுக்கே தொப்பி உண்டு. அந்த இரண்டையும்தான் நாம் முன்பே கழற்றிவிட்டோமே!

கேள்வி: க்ளோர் (மூடுவது) என்ற வினைக்கு அட்டவணையில் அந்தக் கட்டம் காலியாக இருக்கிறது. என் புத்தகத்தில் விட்டுப்போயிற்றா?

விட்டுப்போகவில்லை. க்ளோருக்கு பஸே ஸேம்ப்ல் கிடையாது, பால் கறப்பது என்கிற த்ரேருக்கும் கிடையாது. கதவை மூடினான் என்று எழுத வேண்டியவர்கள் ஃபெர்மே என்ற வினையை எடுத்து 'ஃபெர்மா' என்று எழுதிவிட்டுப் போகிறார்கள்.