கொறடா இருக்கிற ஊரில் மிதவாதியை எங்கே தேடுவது? கேள்வி பதில்

போன வாரம் முத்தியால்பேட்டையில் ஒரு கல்யாணப் பந்தி. பக்கத்து இலைக்காரர் திடீரென்று கேட்டார்: “நம்ம எம்.பி. மிதவாதி, நல்ல மனுஷன்னு எல்லாரும் சொல்றாங்க. அவர் எதுக்கு ஓட்டுப் போட்டார், எதை எதிர்த்தார்னு எங்கே போய்ப் பார்க்கிறது?” சாம்பாரில் தொடங்கிய பதில் மோருக்கு வந்தும் முடியவில்லை. புதுச்சேரி சட்டமன்றச் செய்தியாளர் மாடத்தில் இருபது வருடத்துக்கு மேல் குந்தியிருந்தவன் நான். சந்தேகம் இருந்தால் அனுப்புங்கள் என்று தெரிந்தவர்களிடம் சொல்லி வைத்தேன். வந்தவற்றில் சில இங்கே.

‘மிதவாதி’ என்றால் யார்? நடுவில் நிற்பவரா, எதிலும் சேராதவரா? (கல்லூரி மாணவி, மஞ்சக்குப்பம்)

நல்ல கேள்வி, அம்மா. இந்தச் சொல்லுக்கு நம்ம ஊரோடு பழைய பகை உண்டு. 1907 சூரத் காங்கிரஸில் மிதவாதிகளும் தீவிரவாதிகளும் பிரிந்தார்கள். அதற்கு அடுத்த வருடம் பாரதியார் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார், ‘இந்தியா’ பத்திரிகையும் பின்னாலேயே வந்தது. அந்தக் காலத்தில் இந்தத் தெருக்களில் ஒருவரை மிதவாதி என்று சொன்னால் அது கிட்டத்தட்ட வசவு. வெள்ளைக்காரனுக்கு மனுப் போட்டுக் காத்திருப்பவர் என்று அர்த்தம்.

இன்றைக்கு அதே சொல் பாராட்டாகிவிட்டது. அதிலும் பெரும்பாலும் குரலை வைத்துத்தான் கொடுக்கிறோம். சத்தம் போடாமல் பேசினால் மிதவாதி, மைக்கைத் தட்டினால் தீவிரம். நான் பார்த்தவரை மெதுவாகப் பேசிக்கொண்டே கடைசி வரைக்கும் இம்மி நகராதவர்களும் இருந்தார்கள், சபையில் கூச்சல் போட்டுவிட்டு லாபியில் உட்கார்ந்து சமரசம் எழுதியவர்களும் இருந்தார்கள். எனக்கு மிதவாதி என்றால், தன் கட்சியின் மசோதாவில் ஒரு ஓட்டையைக் கண்டால் அதைச் சொல்பவர், எதிர்க்கட்சி மசோதாவில் ஒரு நல்ல பிரிவு இருந்தால் அதையும் சொல்பவர்.

ஒரு எம்.பி. எந்த மசோதாவுக்கு எப்படி ஓட்டுப் போட்டார் என்று எங்கே பார்ப்பது? (பள்ளி ஆசிரியர், வில்லியனூர்)

பெரும்பாலான மசோதாக்களுக்குப் பார்க்கவே முடியாது சார். ஏனென்றால் அங்கே பெயர் சொல்லி ஓட்டே நடப்பதில்லை.

நம்ம சட்டமன்றத்தில் கேட்டிருப்பீர்கள்: “ஏற்போர் ‘ஆம்’ என்க, மறுப்போர் ‘இல்லை’ என்க.” அவைத்தலைவர் காதில் எது பலமாக விழுகிறதோ அதுதான் முடிவு. குரல் வாக்கெடுப்பில் யார் ‘ஆம்’ சொன்னார், யார் வாயைத் திறக்கவில்லை என்று எந்தப் புத்தகத்திலும் ஏறாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மசோதாவை இன்ன இன்ன உறுப்பினர்கள் ஆதரித்து வாக்களித்ததாகப் பெயர் போட்டு எழுதிவிட்டேன். “யார் எண்ணினது? நீயா?” என்று செய்தி ஆசிரியர் கேட்டபோது முழித்தேன்.

யாராவது ‘டிவிஷன்’, அதாவது பெயர் பதிந்து எண்ணும் ஓட்டு, கேட்டு, அதை அவைத்தலைவர் ஒத்துக்கொண்டால்தான் கணக்கு. மக்களவையில் அதற்கு மேசையில் பொத்தான் உண்டு: பச்சை ஆதரவு, சிவப்பு எதிர்ப்பு, மஞ்சள் நடுநிலை. அப்படி நடந்த வாக்கெடுப்புகளின் பெயர்ப் பட்டியல் அவை நடவடிக்கைக் குறிப்பிலேயே அச்சாகும், நாடாளுமன்ற இணையதளத்தில் தேதி போட்டுத் தேடினால் கிடைக்கும். அரசியல் சட்டத் திருத்தம் என்றால் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவைக் காட்டியாக வேண்டும், அதனால் எண்ணாமல் விடமாட்டார்கள். 2023 செப்டம்பரில் மகளிர் இடஒதுக்கீட்டு மசோதா மக்களவையில் 454க்கு 2, மாநிலங்களவையில் 214க்கு 0.

எண்ணாமல் போனதற்கும் ஒன்று சொல்கிறேன். 2020 செப்டம்பர் 20, மாநிலங்களவையில் வேளாண் மசோதாக்கள். எதிர்க்கட்சிகள் டிவிஷன் கேட்டன, அமளிக்கு நடுவே குரல் வாக்கெடுப்பில் முடிந்தது. அன்றைக்கு அ.தி.மு.க.வின் எஸ்.ஆர். பாலசுப்பிரமணியன் மசோதாவைக் குறை சொல்லிப் பேசினார், கட்சியோ ஆதரவு நிலையில் இருந்தது. பொத்தான் அழுத்தும் நிலை வந்திருந்தால் அவர் எதை அழுத்தியிருப்பார்? நாட்டையே ஒரு வருடம் உலுக்கிய சட்டத்துக்கு அந்த அவையில் ஓட்டுப் பட்டியல் இல்லை.

பிடிக்காத மசோதாவை எதிர்த்து ஓட்டுப் போட வேண்டியதுதானே? பதவி பயமா? (ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், லாஸ்பேட்டை)

பயம்தான், சட்டமே வைத்த பயம். 1985இல் 52ஆவது திருத்தம் வந்தது, அரசியல் சட்டத்தில் பத்தாவது அட்டவணை, அதாவது கட்சித் தாவல் தடைச் சட்டம், ஏறியது. கட்சிக் கொறடா (சபையில் கட்சி ஆட்களைக் கட்டுக்குள் வைப்பவர்) ஒரு பக்கம் ஓட்டுப் போடச் சொல்லி உத்தரவு கொடுத்த பிறகு, முன் அனுமதி இல்லாமல் மாற்றிப் போட்டாலும், போடாமல் உட்கார்ந்திருந்தாலும் பதவி போகலாம். கட்சி பதினைந்து நாளுக்குள் மன்னித்துவிட்டால் தப்பிக்கலாம். முதலில் கட்சியில் மூன்றில் ஒரு பங்கு பிரிந்தால் பிழைக்க வழி இருந்தது. 2003இல் 91ஆவது திருத்தம் அந்தச் சந்து வழியையும் அடைத்தது.

1992இல் கிஹோட்டோ வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த அட்டவணையைச் செல்லும் என்றது. கூடவே ஒரு புத்தியும் சொன்னது: ஆட்சி நிலைப்பதைப் பற்றிய ஓட்டுக்கும், கட்சி மக்கள் முன்னால் வைத்த முக்கியக் கொள்கைக்கும் மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள் என்று. யார் கேட்டார்கள்? தெருவிளக்கு மசோதாவுக்குக் கூடக் கொறடா உத்தரவு பறக்கிறது.

சரி, மீறினால் தலை போய்விடுமா என்றால் அதுவும் அவைத்தலைவர் மனசு. 2017 பிப்ரவரி 18, சென்னையில் எடப்பாடி பழனிசாமி அரசின் நம்பிக்கை வாக்கெடுப்பு. உறுப்பினர்களைப் பகுதி பகுதியாக எழுந்து நிற்கச் சொல்லி எண்ணினார்கள். ஆதரவு 122, எதிர்ப்பு 11. எதிர்த்த பதினொரு பேரும் ஓ. பன்னீர்செல்வம் அணி, கட்சி அதே கட்சி. ஒருவர் பதவியும் போகவில்லை. அதே வருடம் செப்டம்பரில் அதே கட்சியின் தினகரன் அணியில் பதினெட்டு பேர் பதவி இழந்தார்கள், அவர்கள் சபையில் எதிர்த்து ஓட்டே போடவில்லை, முதல்வர் மீது நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் மனுக் கொடுத்தார்கள். இதை வைத்து யார் மிதவாதி என்று நீங்களே கணக்குப் போடுங்கள், எனக்கு வரவில்லை.

2021இல் நம்ம ஆட்சி கவிழ்ந்தபோது யார் யார் எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள்? என் பேரன் பள்ளிக்கூட வேலைக்குக் கேட்கிறான். (இல்லத்தரசி, ரெட்டியார்பாளையம்)

யாரும் போடவில்லை அம்மா. பேரனிடம் இதை அப்படியே எழுதச் சொல்லுங்கள், ஆசிரியர் நம்பமாட்டார்.

முப்பது பேர் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், மூன்று பேர் மத்திய அரசு நியமித்தவர்கள், மொத்தம் 33. ஒருவர் பதவி பறிப்பு, அப்புறம் வரிசையாக ஆறு பேர் ராஜினாமா. பிப்ரவரி 22 காலையில் சபையில் மீதி 26. ஆளும் பக்கம் அவைத்தலைவரைச் சேர்த்து 12, எதிர்ப் பக்கம் 14. அந்த 14இல் மூன்று பேர் நியமன உறுப்பினர்கள். அவர்கள் ஓட்டுப் போடலாமா என்பதுதான் முதல்வர் நாராயணசாமியின் வாதம். ஆனால் அவர்களுடைய நியமனம் செல்லும் என்று 2018 டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, ஓட்டுரிமையும் அதில் அடங்கியது. முதல்வர் நீளமாகப் பேசினார், ஓட்டெடுப்புக்கு முன்னால் தன் ஆட்களோடு வெளியேறினார், நம்பிக்கைத் தீர்மானம் தோற்றதாக அவைத்தலைவர் சிவக்கொழுந்து அறிவித்தார். மூன்று நாளில் குடியரசுத் தலைவர் ஆட்சி.

கவனித்தீர்களா? ராஜினாமா செய்தவரைக் கொறடா ஒன்றும் செய்ய முடியாது. எதிர்த்து ஓட்டுப் போட்டால் பதவி பறிபோகும், தானே விட்டுவிட்டால் கௌரவமாக அடுத்த தேர்தலுக்கு நிற்கலாம். இந்தச் சட்டம் பூட்டியது முன்வாசலைத்தான்.

அந்த ‘ஒருவர் பதவி பறிப்பு’ எங்கள் தொகுதிதானே? (விவசாயி, பாகூர்)

ஆமாம் அண்ணே. காங்கிரஸ் உறுப்பினர் தனவேலு, 2020 ஜூலை. சொந்தக் கட்சி ஆட்சி மீதே ஊழல் புகார் சொன்னவர். சபையில் ஓட்டு மாற்றிப் போட்டதற்காக அல்ல. ‘தானாகவே கட்சியை விட்டு விலகியதாகக் கருதப்படும்’ என்று இன்னொரு பிரிவு இருக்கிறது, அதில்.

அமெரிக்காவில் என் மகன் இருக்கிறான். அங்கே ஒரு செனட்டர் சொந்தக் கட்சியை எதிர்த்தே ஓட்டுப் போடுகிறாராம், பதவியும் போகவில்லையாம். எப்படி? (சுரங்க ஊழியர், நெய்வேலி)

சூசன் காலின்ஸைச் சொல்கிறார் போல. மெய்ன் மாநிலம், குடியரசுக் கட்சி, 1997 முதல் செனட்டில் இருக்கிறார். பெயர் கூப்பிட்டு நடக்கும் வாக்கெடுப்பை ஒன்று விடாமல் போடுபவர் என்று பெயர். அங்கே கட்சித் தாவல் தடைச் சட்டம் கிடையாது. கொறடா உண்டு, கெஞ்சலாம், மிரட்டலாம், பதவியைப் பறிக்க முடியாது.

அதனால் அவருடைய பட்டியலைப் படித்தால் ஆளே தெரிகிறார். 2017 ஜூலையில் ஒபாமா மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை உடைக்க வந்த மசோதா 49க்கு 51 என்று விழுந்தது. எதிர்த்த மூன்று குடியரசுக் கட்சிக்காரர்களில் இவரும் ஒருவர், மற்றவர்கள் மர்கோவ்ஸ்கி, மெக்கெய்ன். அடுத்த வருடம் நீதிபதி கவனோவை உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்ப இவர் ஆதரவு. 2020இல் நீதிபதி பேரட்டை எதிர்த்த ஒரே குடியரசுக் கட்சி உறுப்பினர் இவர்தான். டிரம்ப் மீதான முதல் பதவிநீக்க விசாரணையில் குற்றமில்லை என்று ஓட்டு, 2021இல் இரண்டாவதில் குற்றவாளி என்று ஓட்டு.

இரண்டு பக்கமும் அவரைத் திட்டுகிறது. தேவைப்படாத நேரத்தில்தான் எதிர்க்கிறார் என்று ஒரு சாரார், துரோகி என்று இன்னொரு சாரார். அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. ஆனால் சண்டை போட அவர்களிடம் ஒரு பட்டியல் இருக்கிறது.

பிரெஞ்சு குடியுரிமை இருக்கிற எங்களைப் போன்றவர்களுக்கு? (பிரெஞ்சுப் படையில் இருந்த சொல்தா குடும்பம், புதுச்சேரி)

உங்களுக்கு வசதி. வெளிநாடு வாழ் பிரெஞ்சுக்காரர்களின் பதினோராவது தொகுதியில் இந்தியா வருகிறது. உங்கள் உறுப்பினர் பெயர் பதியும் வாக்கெடுப்புகளில் எப்படிப் போட்டார் என்பது பாரிஸ் சபையின் தளத்தில் பெயரோடு இருக்கும். மொழி தெரியும், உட்கார்ந்து பாருங்கள்.

வருகைப் பதிவு நூற்றுக்குத் தொண்ணூறு என்று நோட்டீஸ் அடித்திருக்கிறார்கள். நம்பலாமா? (கரும்பு வியாபாரி, நெல்லிக்குப்பம்)

வருகையைப் பதிந்தார் என்பது மட்டும் உண்மை. எத்தனை நேரம் உட்கார்ந்தார் என்பது அதில் வராது. அமைச்சர்கள் அந்த வருகையைப் பதிவதே இல்லை, அதனால் அவர்களுக்குப் பூஜ்யம் என்று யாராவது படம் போட்டால் பகிராதீர்கள்.

ஓட்டும் இல்லை, வருகையும் உதவாது. அப்புறம் எதைத்தான் பார்ப்பது? (மறுபடியும் அதே வில்லியனூர் ஆசிரியர்)

கோபம் நியாயம் சார். நான் முதலில் திருத்தங்களைப் பார்ப்பேன். மசோதாவின் ஒரு பிரிவில் ‘செய்யலாம்’ என்பதைச் ‘செய்ய வேண்டும்’ என்று மாற்றச் சொல்லி ஒருவர் எழுதிக் கொடுத்திருந்தால் அவர் மசோதாவைப் படித்திருக்கிறார். திருத்தம் தோற்கும், அது வேறு. பெயர் நிற்கும்.

அடுத்தது வெட்டுத் தீர்மானம். மானியக் கோரிக்கையை, அதாவது ஒரு துறைக்கு அரசு கேட்கும் பணத்தை, ஒரு ரூபாயாகக் குறை என்றால் அந்தத் துறையின் கொள்கையையே ஏற்கவில்லை என்று பொருள். நூறு ரூபாய் குறை என்றால் குறிப்பிட்ட ஒரு குறையைச் சொல்ல வருகிறார். மிதமான ஆட்களின் வீடு இந்த நூறு ரூபாய்தான். எங்கள் மாடத்தில் இதை யாரும் மதிக்கமாட்டோம், வெளிநடப்பு செய்தால்தான் ஓடிப்போய்ப் படம் எடுப்போம். தப்பு எங்கள் மேலும் இருக்கிறது.

நிலைக்குழு, கூட்டுக்குழு அறிக்கைகளின் கடைசிப் பக்கங்களையும் பாருங்கள். மாறுபட்ட கருத்துக் குறிப்பு அங்கேதான் இருக்கும். முன்பக்கச் சுருக்கத்தோடு நிறுத்திவிட்டால் தவறவிடுவீர்கள்.

அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவரும் தனிநபர் மசோதா இன்னொரு இடம். நாடாளுமன்றத்தில் வெள்ளிக்கிழமை மத்தியானம், பாதிப் பேர் ஊருக்கு விமானம் ஏறப் போயிருப்பார்கள். அந்த நேரத்தில் திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதா 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவையில் நிறைவேறியது. கூவாகத்தை எட்டும் தூரத்தில் வைத்திருக்கிற நமக்கு அது சின்னச் செய்தி இல்லை. மக்களவையில் நிறைவேறவில்லை. பிறகு அரசு தன் மசோதாவைக் கொண்டுவந்து 2019இல் சட்டமாக்கியது. ஆனாலும் எதிர்க்கட்சி ஆள் ஒருவர் எல்லாக் கட்சியையும் ஒரு குரலுக்குக் கொண்டுவந்த நாள் அது. எந்த டிவிஷன் பட்டியலும் இதைச் சொல்லாது.

புதுச்சேரிக்கு மாநில அந்தஸ்து கேட்கும் தீர்மானம் எப்போதும் ஒருமனதாக நிறைவேறுகிறதே, அப்படியானால் நம்மவர்கள் எல்லாரும் ஒன்றுதானே? (கடைக்காரர், காரைக்கால்)

ஒருமனதாக நிறைவேறும் தீர்மானம் யாருக்கும் செலவு வைக்காது தம்பி. டெல்லிக்குப் போகும், ஃபைலாகும். அதே உறுப்பினர் டெல்லியில் தன் கட்சி மேலிடத்திடம் அதே வார்த்தையைச் சொன்னாரா என்று கேளுங்கள்.

குடியரசுத் தலைவர் தேர்தலில் கட்சி மாறி ஓட்டுப் போட்டதாகச் செய்தி வருகிறது. அதற்கும் பதவி போகுமா? எங்கள் எம்.எல்.ஏ. ஓட்டும் புதுச்சேரி எம்.எல்.ஏ. ஓட்டும் ஒன்றா? (போட்டித் தேர்வு எழுதுபவர், திருப்பாதிரிப்புலியூர்)

போகாது, அங்கே கொறடா உத்தரவே செல்லாது, ரகசிய ஓட்டு. மாநிலங்களவைத் தேர்தல் வேறு. 2003க்குப் பிறகு கட்சியின் முகவரிடம் சீட்டைக் காட்டித்தான் பெட்டியில் போட வேண்டும், ஆனால் அதை மாற்றிப் போட்டாலும் பத்தாவது அட்டவணை பாயாது. இரண்டிலும் நியமன எம்.எல்.ஏ.க்களுக்கு ஓட்டு இல்லை, இதைத் தேர்வில் கேட்பார்கள்.

புதுச்சேரி எம்.எல்.ஏ.க்களுக்குக் குடியரசுத் தலைவர் தேர்தலில் ஓட்டு வந்ததே 1992இல், 70ஆவது திருத்தத்தால். மதிப்பு 1971 மக்கள்தொகைக் கணக்கில் வருவது. உங்கள் கடலூர் எம்.எல்.ஏ. ஓட்டுக்கு 176. முள்ளோடை எல்லையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தால் 16.