"நாளைக்கு என்ன டெஸ்ட்?"னு என்கிட்டயே கேக்குறான் மேடம்

வணக்கம் மேடம்,

எனக்கு ஒரே பையன், 12 வயசு, ஏழாவது படிக்கிறான், பேர் வேண்டாம். போன வாரம் அவனோட சயின்ஸ் டீச்சர் போன் பண்ணி "டெஸ்ட் பேப்பர்ல இருக்குறது உங்க கையெழுத்து தானா"ன்னு கேட்டாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. போட்டோ அனுப்புனாங்க, பாத்தா 50க்கு 11 மார்க், கீழ என் கையெழுத்து, ஆனா நான் போடல. அச்சு அசலா என்ன மாதிரியே போட்டிருக்கான், எத்தன தடவ எழுதிப் பழகியிருப்பான்னு நெனச்சா வயித்தக் கலக்குது. கேட்டதுக்கு மொதல்ல இல்லன்னு சாதிச்சான், அப்புறம் அழுதான், அவங்க அப்பா கைய ஓங்கிட்டாரு, நான் நடுவுல புகுந்து தடுத்தேன், ஆனா நானும் சும்மா இல்ல, "இன்னிக்கு கையெழுத்து, நாளைக்கு என்ன, திருடப் போவியா"ன்னு வாய்க்கு வந்ததெல்லாம் கேட்டுட்டேன். ரெண்டு நாள் அவன்கூட பேசவே இல்ல.

நான் அவன கவனிக்காம விட்டிருந்தா கூட மனசு ஆறிடும் மேடம். வேலைக்குப் போறேன், இருந்தும் ராத்திரி டைம்டேபிள் பாத்து பேக் அடுக்குறது நான், கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்ல என்ன ஹோம்வொர்க்னு பாக்குறது நான், ப்ராஜெக்ட்னா ராத்திரி ஒரு மணி வரைக்கும் வெட்டி ஒட்டுறதும் நான்தான் (டீச்சர் "வெரி குட்" போட்டா எனக்குதான் சந்தோஷமா இருக்கும், சிரிக்காதீங்க). மறந்துட்டுப் போன நோட்ட ஆபீஸ்ல பர்மிஷன் போட்டு ஸ்கூல் வரைக்கும் கொண்டு போய் குடுத்திருக்கேன், ஒரு தடவ ரெண்டு தடவ இல்ல. இவ்ளோ செஞ்சும் அவன் என்கிட்ட வந்து "அம்மா, நாளைக்கு என்ன டெஸ்ட்?"னு கேக்குறான். பரீட்ச எனக்கா அவனுக்கா?

படிக்கவே மாட்டேங்குறான்னும் சொல்ல முடியாது. காலைல 5 மணிக்கு எழுப்பிடுறேன், தூங்க ராத்திரி 11 ஆயிடுது. ஒரே பாடத்த நாலு தடவ படிக்கிறான், ஹைலைட்டர் வச்சு பக்கம் பூரா கோடு போடுறான், கேட்டா "எல்லாம் தெரியும்மா"ங்கிறான், பேப்பர் வந்தா ஒண்ணும் இருக்காது. அஞ்சாவது வரைக்கும் கிளாஸ்ல முதல் மூணு ரேங்க்குக்குள்ள வந்த பையன், சொந்தக்காரங்க எல்லாம் "இவன் பிறவியிலேயே மூளைக்காரன்"னு சொல்லுவாங்க, நானும் வாயெல்லாம் பல்லா கேட்டுட்டு இருந்திருக்கேன். இப்ப சாயந்திரமானா விளையாட ஓடிடுறான். அங்க மட்டும் எல்லாம் கரெக்ட்டா நடக்குது, டீம்ல யார் எப்ப வருவா, பந்து யார் வீட்ல இருக்கு, அடுத்த மேட்ச் என்னிக்குன்னு ஒரு பழைய நோட்டுல எழுதி வச்சிருக்கான். அந்த அக்கறைய படிப்புல காட்டுனா என்னவாம்!

பொய், கள்ளக் கையெழுத்து இதெல்லாம் அவன் குணத்துலயே ஊறிடுச்சா மேடம்? வர்ற வெள்ளிக்கிழமை மேத்ஸ் டெஸ்ட்னு குரூப்ல வந்திருக்கு, அவனுக்கு தெரியவே தெரியாது போல. நான் சொல்லட்டுமா, இல்ல பட்டுத் திருந்தட்டும்னு விட்டுடட்டுமா?

இப்படிக்கு,
தூக்கம் வராத ஒரு அம்மா

---

அன்பு சகோதரிக்கு,

உங்க லெட்டர்ல நீங்க போற போக்குல எழுதிட்டுப் போன ஒரு விஷயத்துலதான் என் கண்ணு நின்னுச்சு, அந்த பழைய நோட்டு. நாள் ஞாபகம் வச்சுக்கிறது, பொருள் எங்க இருக்குன்னு தெரிஞ்சு வச்சிருக்கிறது, நாலு பேர ஒண்ணு சேக்குறது, மறந்துடக் கூடாதுன்னு தானா எழுதி வைக்கிறது, இதெல்லாம் உங்க பையனுக்கு நல்லாவே வருது. டீம் விஷயத்த அவனுக்குப் பதிலா பாத்துக்க யாரும் இல்ல, அதனால அவன் பாத்துக்கிறான். ஸ்கூல் விஷயத்த பாத்துக்க நீங்க இருக்கீங்க. நாளைக்கு என்ன டெஸ்ட்னு அவன் உங்கள கேக்குறது திமிரும் இல்ல சோம்பலும் இல்ல, அந்த டிபார்ட்மெண்ட்டே உங்களோடதுன்னு அவன் நெனச்சுட்டு இருக்கான், அவ்ளோதான்.

கையெழுத்து விஷயத்துக்கு வரேன். இல்ல, குணத்துல ஊறல. தப்பு தப்புதான், அத சின்னதாக்க மாட்டேன், ஆனா "திருடன்"ங்கிற வார்த்தைய மட்டும் இன்னிக்கே வாபஸ் வாங்கிடுங்க, அவன்கிட்ட நேராவே "அது நான் சொல்லியிருக்கக் கூடாது"ன்னு சொல்லுங்க. அப்புறம் நீங்களே தனியா உக்காந்து ஒண்ணு யோசிங்க, 11 மார்க் பேப்பர அவன் நேரா உங்ககிட்ட நீட்டியிருந்தா அடுத்த பத்து நிமிஷம் வீட்ல என்ன நடந்திருக்கும்? அந்த பத்து நிமிஷத்த அவன் ஏற்கனவே மனசுல ஓட்டிப் பாத்துட்டுதான் பேனாவ எடுத்திருக்கான். அடிக்கும் திட்டுக்கும் பயந்த புள்ள உண்மை பேசப் பழகாது, மாட்டிக்காம இருக்கத்தான் பழகும். அவங்க அப்பாகிட்டயும் இத காட்டுங்க, கை ஓங்குறது இதோட நிக்கட்டும்.

இன்னொண்ணும் இருக்கு, அது அந்த "மூளைக்காரன்" பட்டம். 1998ல கிளாடியா முல்லர், கரோல் டுவெக்னு ரெண்டு பேர் அமெரிக்காவுல அஞ்சாம் வகுப்பு பசங்கள வச்சு செஞ்ச ஆய்வு ஒண்ண வெளியிட்டாங்க. எல்லாருக்கும் புதிர் குடுத்து, முடிச்சதும் சில பேர்கிட்ட "நீ புத்திசாலி"ன்னாங்க, சில பேர்கிட்ட "நல்லா உழைச்சிருக்க"ன்னாங்க, அடுத்து ரொம்ப கஷ்டமான புதிர குடுத்து எல்லாரையும் சொதப்ப விட்டாங்க. கடைசில, வேற ஸ்கூல்ல முகம் தெரியாத பசங்களுக்கு உன் மார்க்க எழுதுன்னு சொன்னா, புத்திசாலின்னு பேர் வாங்குன பசங்கள்ல கிட்டத்தட்ட 10க்கு 4 பேர் கூட்டி எழுதியிருக்காங்க! உழைப்ப பாராட்டுன பசங்கள்ல அது ரொம்பவே கம்மி. திட்டுறதுக்கு அங்க அம்மாவும் இல்ல அப்பாவும் இல்ல, அப்பவும். மூளைக்காரன்ங்கிற பேர காப்பாத்தியாகணுமே. உங்க பையனுக்கு 11ங்கிறது மார்க் மட்டும் இல்ல, அஞ்சு வருஷமா எல்லாரும் சொன்னது பொய்னு சொல்ற ஒரு நம்பர். (அதுக்காக நாளையிலேர்ந்து எல்லாத்துக்கும் "நல்ல முயற்சி, நல்ல முயற்சி"ன்னு சொல்ல ஆரம்பிச்சுடாதீங்க, பசங்களுக்கு அந்த டூப்பு ரெண்டே நாள்ல தெரிஞ்சிடும்.)

தண்டனை வேண்டாமான்னு கேப்பீங்க. தண்டனைய விட கஷ்டமானது ஒண்ணு இருக்கு, சரி பண்றது. டீச்சர்கிட்ட போய் "நான்தான் போட்டேன் மிஸ், சாரி"ன்னு அவன் வாயால சொல்லணும். நீங்க பக்கத்துல நில்லுங்க, ஆனா ஒரு வார்த்த பேசாதீங்க, அவனுக்காக மன்னிப்பும் கேக்காதீங்க. முன்னாடியே டீச்சருக்கு மட்டும் ஒரு போன் போட்டு, கிளாஸ் முன்னாடி வேண்டாம், தனியா நடக்கட்டும்னு சொல்லி வச்சிடுங்க.

அடுத்து அந்த 11 மார்க் பேப்பர். கிழிச்சிடாதீங்க, உங்ககிட்ட இருக்குறதுலயே உருப்படியான பாடபுத்தகம் அதுதான். கோவமெல்லாம் ஆறுனதுக்கப்புறம் ஒரு நாள் ரெண்டு பேரும் உக்காந்து போன 39 மார்க்கும் எங்க போச்சுன்னு பாருங்க. தெரியாததால போனது எவ்ளோ, தெரிஞ்சும் கேள்விய தப்பா படிச்சதால எவ்ளோ, நேரம் பத்தாம விட்டது எவ்ளோ, முந்தின நாள் தெரிஞ்சிருந்து அங்க போனதும் மறந்தது எவ்ளோ. பென்சில் அவன் கைல இருக்கட்டும், அவனே பிரிக்கட்டும். தன் தப்ப தானே எடுத்துப் பாக்குற இந்தப் பழக்கத்த பெரியவங்க நம்மள்லயே எத்தன பேருக்கு யாராவது சொல்லிக் குடுத்திருக்காங்க, சொல்லுங்க?

என் ஊகம், மறந்ததுதான் அதிகமா வரும். ஏன்னா நாலு தடவ படிக்கிறதும் கோடு போடுறதும் படிச்ச மாதிரி ஒரு தெம்பு குடுக்கும், கண்ணுக்குப் பழகிட்டது மனசுல நின்னுட்ட மாதிரி தோணும். 2006ல ரோடிகர், கார்பிக்கேன்னு ரெண்டு உளவியலாளர்கள் கல்லூரி மாணவங்கள வச்சு இத சோதிச்சுப் பாத்தாங்க. ஒரு குரூப் ஒரே பாடத்த நாலு முறை படிச்சாங்க, இன்னொரு குரூப் ஒரு முறை படிச்சுட்டு மூணு முறை பாக்காம எழுதிப் பாத்தாங்க. அஞ்சு நிமிஷம் கழிச்சு கேட்டப்ப நாலு முறை படிச்சவங்கதான் முன்னாடி இருந்தாங்க, ஒரு வாரம் கழிச்சு கேட்டா அவங்களுக்கு சுமார் 40 சதவீதம்தான் ஞாபகம் இருந்துச்சு, எழுதிப் பாத்தவங்களுக்கு 61. ஆனா ஞாபகம் நிக்கும்னு அதிக நம்பிக்கையா சொன்னது யாருன்னு நெனக்கிறீங்க? நாலு முறை படிச்சவங்க. உங்க பையனோட "எல்லாம் தெரியும்மா" பொய் இல்ல, அவன் நெஜமாவே அப்படித்தான் நம்புறான்.

அதனால "படிச்சியா"ங்கிற கேள்விய விட்டுடுங்க, அதுக்கு "ஆமா"ன்னு ஒரே பதில்தான் வரும். புக்க மூடிட்டு ஞாபகம் இருக்குறத ஒரு வெள்ளத்தாள்ல எழுதட்டும், படமா வரையட்டும், இல்ல உங்களுக்கு டீச்சர் மாதிரி சொல்லித் தரட்டும், அப்புறம் புக்க தொறந்து விட்டுப் போனத வேற கலர்ல சேக்கட்டும். ரெண்டு நாள் விட்டு அதையே திரும்ப. மொத தடவ பாதி கூட வராது, அவனுக்கு எரிச்சலா இருக்கும், உங்களுக்கு அதவிட எரிச்சலா இருக்கும், ஆனா அந்த எரிச்சல் வர்ற இடத்துலதான் படிப்பு உள்ள இறங்குது.

அந்த 5 மணி அலாரத்தையும் நிறுத்துங்க. 11க்கு படுத்து 5க்கு எழுந்தா ஆறு மணி நேரம். 6லேர்ந்து 12 வயசு வரைக்கும் 9லேர்ந்து 12 மணி நேரத் தூக்கம் வேணும்னு அமெரிக்க தூக்க மருத்துவ அகாடமி 2016லயே சொல்லியிருக்கு, நீங்க அதுல மூணுல ஒரு பங்காவது வெட்டி வச்சிருக்கீங்க. படிச்சது மனசுல படியுறதுக்கு தூக்கமும் வேணும்.

இப்ப உங்க டிபார்ட்மெண்ட்ட அவன்கிட்ட ஒப்படைக்கிற விஷயம். ஒரே நாள்ல எல்லாத்தையும் தூக்கி அவன் தலைல போட்டுடாதீங்க, அது பழிவாங்குற மாதிரி ஆயிடும். திட்டம் போடுற வேலைய கவனிக்கிற மூளையோட முன்பகுதி முழுசா முதிர்றதுக்கே 25 வயசு வாக்குல ஆயிடும், 12 வயசுப் பையன் தனியா எல்லாத்தையும் சமாளிப்பான்னு எதிர்பாக்க முடியாது. பேக்ல ஆரம்பிங்க. மொத வாரம் அவன் அடுக்கட்டும், நீங்க பக்கத்துல இருங்க. அடுத்த வாரம் அடுக்கி முடிச்சுட்டு "முடிஞ்சுது"ன்னு மட்டும் சொல்லட்டும், தொறந்து பாக்காதீங்க (கை அரிக்கும், தெரியும்). அதுக்கப்புறம் கேக்கவும் வேண்டாம். நோட்ட மறந்துட்டுப் போனா அன்னிக்கு மறந்ததுதான், ஸ்கூலுக்கு ஓடாதீங்க. நானும் என் பொண்ணோட ஜியாமெட்ரி பாக்ஸ தூக்கிட்டு ஓடுனவதான், அதனால சும்மா உபதேசம் பண்றேன்னு நெனக்காதீங்க. பேக் செட் ஆனதுக்கப்புறம் ஹோம்வொர்க், கடைசியா ப்ராஜெக்ட். அவன் ஒட்டுனது கோணலாத்தான் இருக்கும், "வெரி குட்" வராது. மார்க்கும் கொஞ்ச நாள் இன்னும் இறங்கலாம், அத இப்பவே சொல்லி வைக்கிறேன், அப்ப பயந்து போய் திரும்ப பேக்க கைல எடுத்துடாதீங்க.

ஒரே ஒரு எச்சரிக்கை. அவன் வாசிக்கிறதே ரொம்ப மெதுவா இருக்கா, எழுத்து மாறுதா, போர்டுல இருக்குறது சரியா தெரியலையா, கிளாஸ்ல யாராவது அவன கேலி பண்றாங்களா, ஆறாவதுலேர்ந்து திடீர்னு ஏன் இறங்குனான், இதையும் டீச்சர்கிட்ட கேட்டுக்குங்க. கண்ண ஒரு தடவ டெஸ்ட் பண்ணிடுங்க. இதுல ஏதாவது இருந்துச்சுன்னா நான் மேல சொன்னது மட்டும் பத்தாது, நேர்ல ஒருத்தர பாக்கணும்.

வெள்ளிக்கிழமை டெஸ்ட்ட சொல்லவா விடவான்னு கேட்டிருந்தீங்க. ரெண்டும் வேண்டாம். இன்னிக்கு சாயந்திரம் அவன் விளையாடிட்டு வந்ததும், "இந்த வாரம் ஸ்கூல்ல என்னென்ன இருக்கு?"ன்னு சாதாரணமா கேளுங்க. தெரியலம்மான்னுதான் சொல்லுவான். "எங்க பாத்தா தெரியும்?"னு கேட்டுட்டு நிறுத்திக்கங்க. டைரியில தேடுவானோ, பிரெண்டுக்கு போன் போடுவானோ, உங்க போன வாங்கி குரூப்ல பாப்பானோ, எப்படியோ அவனே கண்டுபிடிக்கட்டும். கண்டுபிடிச்சதும், அந்த பழைய நோட்டுல மேட்ச் தேதிக்கு பக்கத்துலயே இதையும் எழுதி வச்சுக்கறியான்னு கேட்டுப் பாருங்க.