பல்கறையும் மாவுப்பூச்சியும்: பல்கலைக்கழக ஆராய்ச்சி பற்றி வாசகர் கேட்டவை

சென்ற இதழில் பல்கலைக்கழக ஆராய்ச்சி குறித்துக் கேள்விகள் அனுப்பும்படி வாசகர்களைக் கேட்டிருந்தோம். வந்தவற்றுள் சேலத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் தொட்டவற்றுக்கு, உயிர்வேதியியல் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் விடை எழுதுகிறேன்.

கேள்வி: என் மகள் இளநிலை வேதியியல் முடிக்கப்போகிறாள். பெரியார் பல்கலைக்கழகத்தில் முதுநிலை படித்து, பிறகு ஆராய்ச்சியும் செய்ய விரும்புகிறாள். உறவினர்களோ, “உயிர் காக்கும் ஆராய்ச்சி எல்லாம் மருத்துவக் கல்லூரியில்தான் நடக்கும், வேதியியலில் என்ன இருக்கிறது?” என்கிறார்கள். அவர்கள் சொல்வது சரியா?
— ஒரு தாயார், ஓமலூர்

பதில்: பாதி சரி. 1857-இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் ஒரு காலத்தில் கலை, அறிவியல், மருத்துவம், பொறியியல், வேளாண்மை ஆகிய எல்லாமே இருந்தன. பிறகு ஒவ்வொன்றாகத் தனிக்குடித்தனம் போயின. வேளாண்மைக்கு 1971-இல் கோவையிலும், தொழில்நுட்பத்துக்கு 1978-இல் சென்னையிலும் தனிப் பல்கலைக்கழகங்கள் அமைந்தன. 1980-களின் இறுதியில் மருத்துவமும், 1989-இல் கால்நடை மருத்துவமும் பிரிந்தன. பெரியார் பல்கலைக்கழகம் 1997-இல் தொடங்கப்பட்டபோது இந்தப் பாகப்பிரிவினை முடிந்துவிட்டிருந்தது. அதனால்தான் சேலத்திலேயே 1986 முதல் இயங்கும் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி ஒரு பல்கலைக்கழகத்தின் கீழும், பெரியார் பல்கலைக்கழகத்தின் கருப்பூர் வளாகத்திலுள்ள வேதியியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் துறைகள் இன்னொன்றின் கீழும் இருக்கின்றன.

ஆனால் இது நிர்வாகப் பிரிவினையே தவிர அறிவின் பிரிவினை அன்று. நோயாளியின் இரத்தத்தில் எதை அளக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லலாம். அதை அளக்கும் வழியைக் கண்டவர் பெரும்பாலும் ஒரு வேதியியலாளராகத்தான் இருப்பார். உங்கள் மகள் தயங்க வேண்டியதில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது மூன்று ஆண்டுகள் ஆகும். பெண்களுக்கு உச்ச வரம்பில் கூடுதலாக இரண்டு ஆண்டுகள் தளர்வும், மகப்பேறு மற்றும் குழந்தை வளர்ப்புக்காக 240 நாட்கள் வரை விடுப்பும் உண்டு. திருமணப் பேச்சு வரும்போது வீட்டில் இதையும் எடுத்துச் சொல்லுங்கள்.

கேள்வி: தருமபுரி மாவட்டத்தில் ஒரு தொடக்கப் பள்ளிக்குச் சேலத்திலிருந்து தினமும் சென்று வருகிறேன். பல பிள்ளைகளின் பற்களில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை இருக்கிறது. ஒழுங்காகப் பல் விளக்கவில்லை என்று அவர்களைக் கண்டித்துவிடுகிறோம். தண்ணீர்தான் காரணம் என்கிறார் உடன் பணிபுரியும் ஒருவர். இதைப் பல்கலைக்கழகங்களில் யாராவது ஆராய்ந்திருக்கிறார்களா, எந்தத் துறையில்?
— ஓர் ஆசிரியை, சூரமங்கலம்

பதில்: முதலில், அந்தப் பிள்ளைகளை இனிக் கண்டிக்காதீர்கள் என்று உங்களை வேண்டிக்கொள்கிறேன். கறை பல்லின் மேல் படிந்த அழுக்காக இருந்தால் விளக்கினால் போகும். நீங்கள் சொல்வது பெரும்பாலும் பல்லின் எனாமலுக்குள்ளேயே இருப்பது. நிலத்தடி நீரிலுள்ள புளோரைடால் வருவது.

பல ஆண்டுகளுக்கு முன் தொப்பூரைத் தாண்டிய ஒரு சிற்றூரில் நீர் மாதிரி எடுக்கச் சென்றிருந்தேன். அங்கே ஒரு வீட்டுத் திண்ணையில் அக்காளும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். அக்காளின் முன்பற்களில் குறுக்காகப் பழுப்புக் கோடுகள் இருந்தன. தங்கையின் பற்களில் ஒரு புள்ளிகூட இல்லை. ஒரே வீட்டில் ஒரே சோறு உண்டவர்களிடம் இந்த வேறுபாடு ஏன் என்று கேட்டதற்கு, அவர்களுடைய பாட்டி, “சின்னவள் பிறந்த வருசம்தான் தெருவுக்கு ஆத்துத் தண்ணி வந்துச்சு” என்றார். நிலைப்பற்களின் எனாமல் ஏறக்குறைய எட்டு வயதுக்குள் ஈறுக்குள்ளேயே உருவாகி முடிந்துவிடுகிறது. அந்தக் காலத்தில் குடித்த நீர் என்னவோ, அதன் பதிவு ஆயுள் முழுதும் பல்லில் நிற்கும். பாடநூலில் நான் பலமுறை நடத்திய செய்திதான். ஆனாலும் அந்தத் திண்ணையில்தான் அது எனக்கு உறைத்தது.

எந்தத் துறை என்று கேட்டீர்கள். எந்த ஒரு துறையாலும் இதைத் தனியாக முடிக்க இயலாது. நம் வட்டாரத்தின் கடினப் பாறைகளில் உள்ள கருப்பு மைக்கா, அப்படைட் முதலிய கனிமங்களில் புளோரைடு இருக்கிறது. சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்து கால்சியம் குறைந்த நீர் பாறையிலேயே நெடுநாள் தங்கும்போது அதைக் கரைத்தெடுக்கிறது. ஆழ்துளைக் கிணற்று நீரில் சில இடங்களில் அளவு கூடுவதற்கு இது ஒரு காரணம். இதைச் சொல்பவர் பாறைகளை ஆராயும் நிலவியலாளர். லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று அளப்பவர் வேதியியலாளர். இந்தியத் தர நிர்ணயம் 1.0 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 மில்லிகிராமை உச்ச அளவாகவும் வைத்திருக்கிறது. கறையைத் தரம் பிரித்துப் பதிவுசெய்பவர் பல் மருத்துவர். பல ஆண்டுகள் இதே நீரைக் குடித்து முதுகும் மூட்டும் இறுகிப்போனவரைப் பார்ப்பவர் எலும்பு மருத்துவர். கால்சியம் குறைந்த உடலில் பாதிப்பு கூடும் என்பதால் பாலும் கேழ்வரகும் ஏன் முக்கியம் என்று விளக்குபவர் உணவியலாளர். இத்தனை பேர் கொண்டுவரும் எண்களை ஒன்றாக வைத்துப் பார்த்து, எந்த ஊருக்கு முதலில் மாற்று நீர் தர வேண்டும் என்று சொல்பவர் புள்ளியியலாளர். பல்கலைக்கழகத்தின் பரப்பு என்று நான் கருதுவது இதைத்தான். துறைகளின் பெயர்ப் பலகைகளை எண்ணுவதில் எனக்கு ஆர்வம் இல்லை. ஒரே கேள்வி எத்தனை கதவுகளைத் தட்டிவிட்டு வருகிறது என்பதுதான் எனக்கு முக்கியம்.

இந்த ஆராய்ச்சி புதிதும் அன்று. இந்தியாவில் புளோரோசிஸ் என்னும் இந்த நோயை முதன்முதலில் முறையாகப் பதிவுசெய்தது 1937-இல், அப்போதைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில்தான். புளோரைடை நீக்கப் படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்துத் தெளியவைக்கும் ‘நல்கொண்டா முறை’யை நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் உருவாக்கியது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் திட்டத்தின் முழுப்பெயரிலேயே ‘புளோரோசிஸ் தணிப்பு’ என்ற சொற்கள் இருக்கின்றன.

உங்களுக்கு ஒரு வேண்டுகோள்: நீரைக் கொதிக்கவைத்தால் கிருமி சாகும், புளோரைடு போகாது; நீர் ஆவியாகக் குறையும்போது அதன் செறிவு கூடத்தான் செய்யும். பெற்றோரிடம் இதைத் தவறாமல் சொல்லுங்கள். பள்ளியின் குழாய் நீரைக் குடிநீர் வாரியத்தின் ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்கவும் ஏற்பாடு செய்யுங்கள்.

கேள்வி: முனைவர் பட்ட ஆய்வேடுகளை வெளியார் படிக்க முடியுமா?
— ஒரு வாசகர், அம்மாபேட்டை

பதில்: முடியும். ‘ஷோத்கங்கா’ என்னும் இணையக் களஞ்சியத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் சேர்க்கப்படுகின்றன. படிக்கக் கட்டணம் இல்லை. பெரியார் பல்கலைக்கழகத்தின் ஆய்வேடுகளும் அங்கே உள்ளன.

கேள்வி: எங்கள் பக்கம் மரவள்ளியில் மாவுப்பூச்சி விழுந்து, நுனியெல்லாம் சுருங்கிக் கொத்தாகிவிட்டது. அதற்கு வெளிநாட்டுக் குளவியை விட்டார்கள். பூச்சிக்குப் பூச்சி விடுவது சரியா? நாளை அதுவே தொல்லையாகாதா? இதெல்லாம் ஆராய்ச்சியா, சோதனை விளையாட்டா?
— ஒரு விவசாயி, தலைவாசல்

பதில்: நியாயமான கவலை. நீங்கள் சொல்லும் மாவுப்பூச்சியே ஒரு வெளிநாட்டுப் பூச்சிதான். தென் அமெரிக்காவைச் சேர்ந்த அது 1970-களில் ஆப்பிரிக்காவுக்குப் போய், மரவள்ளியை நம்பி வாழ்ந்த பல நாடுகளில் பயிரை அழித்தது. ஆணின்றியே பெண் பூச்சி இனம் பெருக்கும் என்பதால் ஒன்று வந்தாலே போதும். அதன் சொந்த ஊரில் அதைக் கட்டுக்குள் வைத்திருப்பது எது என்று தேடிப்போனார்கள். 1981-இல் பராகுவே நாட்டில் விடை கிடைத்தது. அதுதான் அனாகைரஸ் லோபெசி என்ற இந்தக் குளவி. இதை ஆப்பிரிக்கா முழுவதும் பரப்பிய பணிக்குத் தலைமை தாங்கிய சுவிட்சர்லாந்து அறிவியலாளர் ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது.

இந்தியாவில் அந்த மாவுப்பூச்சி 2020-இல் கேரளத்தில் தென்பட்டு, பிறகு நம் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளுக்குக் கிழங்கு தரும் வயல்களுக்கு வந்துசேர்ந்தது. பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் 2021-இல் பெனின் நாட்டிலிருந்து குளவியைத் தருவித்து, தனிமையில் வைத்துச் சோதித்த பிறகே 2022 மார்ச்சில் வெளியே விட்டது. விட்ட இடம் உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஏத்தாப்பூர் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம். அது கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கம். பல்கலைக்கழகம் என்றால் மதில் சூழ்ந்த ஒரு வளாகம் மட்டுமே என்று எண்ணுபவர்களுக்கு ஏத்தாப்பூரைத்தான் நான் காட்டுவேன்.

தனிமையில் வைத்துச் சோதிப்பது எதற்காக என்றால், நீங்கள் கேட்ட அதே கேள்விக்காகத்தான். இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவான அந்தக் குளவி மனிதரைக் கொட்டாது, பயிரைத் தின்னாது. மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். புழு உள்ளிருந்தே அதைத் தின்று வளரும். ஒரு கிளையை ஒடித்துக் கண்ணாடி வைத்துப் பாருங்கள்: வெள்ளை மாவுக்கு நடுவே பழுப்பு நிறத்தில் விறைத்துப்போன கூடுகள் இருந்தால், குளவி உங்கள் வயலுக்கு வந்துவிட்டது என்று பொருள். அந்த நேரத்தில் பூச்சிக்கொல்லி அடித்துவிடாதீர்கள். மாவுப்பூச்சி மெழுகுப் போர்வைக்குள் பிழைத்துக்கொள்ளும்; குளவிதான் முதலில் சாகும்.

கேள்வி: மருத்துவமனையில் சேர்த்திருந்தபோது என் தந்தையிடம், ஓர் ஆய்வுக்காக இரத்தம் எடுக்கிறோம் என்று சொல்லி ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து கேட்டார்கள். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பயந்து மறுத்துவிட்டோம். நாங்கள் செய்தது தவறா?
— ஒரு வாசகர், சீலநாயக்கன்பட்டி

பதில்: மறுத்தது உங்கள் உரிமை, தவறே இல்லை. மறுத்ததற்காகச் சிகிச்சையில் எந்தக் குறையும் வரக்கூடாது. ஒப்புக்கொண்டவரும் எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. ஆய்வு எதற்காக, எவ்வளவு இரத்தம், என்ன தீங்கு நேரலாம் என்பதையெல்லாம் அவருக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால் ஆய்வுக் குழுவைச் சாராத ஒரு சாட்சி உடனிருந்து கையொப்பமிட வேண்டும். ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவின் தலைவர் அந்த நிறுவனத்தைச் சாராதவராகவும், உறுப்பினர்களுள் ஒருவர் மருத்துவமோ அறிவியலோ படிக்காத பொதுமனிதராகவும் இருக்க வேண்டும். புதிய மருந்தைச் சோதிக்கும் ஆய்வாக இருந்தால், 2009 முதல் அதை முன்கூட்டியே தேசியப் பதிவேட்டில் பதிவுசெய்வது கட்டாயம்.

இவ்வளவும் சொன்ன பிறகு, என் மனத்தில் உள்ளதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் தந்தைக்கு அன்று கொடுக்கப்பட்ட மருந்தின் அளவு, முன்பு யாரோ முகம் தெரியாதவர்கள் ஒப்புக்கொண்டு கையைக் கொடுத்ததால் தெரியவந்தது. அடுத்த முறை யாராவது கேட்டால், உட்காரவைத்து முழுவதும் விளக்கச் சொல்லுங்கள். விளக்கப் பொறுமை இல்லாதவருக்குக் கையெழுத்துப் போட வேண்டாம்.

கேள்வி: ஏற்காட்டில் எங்கள் காப்பித் தோட்டத்து நிழல் மரங்களில் தடித்த இலையுள்ள செடிகள் தொற்றி வளர்கின்றன. புல்லுருவி என்று ஆட்கள் வெட்டி எறிகிறார்கள். ஆர்க்கிட் என்று சொன்னார் ஒரு தாவரவியல் மாணவர். அதில் ஆராய என்ன இருக்கிறது?
— ஒரு தோட்டக்காரர், ஏற்காடு

பதில்: நிறைய இருக்கிறது. ஆர்க்கிட்டின் ஒரு காயில் ஆயிரக்கணக்கான விதைகள் இருக்கும். உள்ளங்கையில் கொட்டி ஊதினால் புகைபோலப் பறக்கும் தூசி அது. மற்ற விதைகளைப் போல அதற்குள் கட்டுச்சோறு கிடையாது; முளைப்பதற்கு ஒரு பூஞ்சை வந்து உணவு கொடுக்க வேண்டும். பூஞ்சை இல்லாமலே சர்க்கரை கலந்த வளர்ப்பு ஊடகத்தில் அதை முளைக்கவைக்கலாம் என்று அமெரிக்கரான லூயிஸ் நட்சன் 1922-இல் காட்டினார். இன்று திசு வளர்ப்புக் கூடங்களில் கண்ணாடிப் புட்டிக்குள் ஆர்க்கிட் வளர்வதெல்லாம் அந்த வழியில்தான். தாவரவியலும் நுண்ணுயிரியலும் வேதியியலும் அந்தப் புட்டிக்குள் ஒன்றாக இருக்கின்றன. உங்கள் ஊரிலேயே இந்தியத் தாவரவியல் அளவாய்வுத் துறையின் தேசிய ஆர்க்கிட் தோட்டம் 1963 முதல் இருக்கிறது. ஒருமுறை போய்ப் பாருங்கள்.

புல்லுருவி மரத்தின் பட்டையைத் துளைத்துச் சாற்றை உறிஞ்சும். ஆர்க்கிட்டின் வெண்மையான வேர் பட்டையின் மேலே பஞ்சுபோல ஒட்டி, மழையையும் பனியையும் குடித்துக்கொண்டிருக்கும். மரத்திலிருந்து எதையும் எடுக்காது. இனி வெட்டுவதற்கு மரமேறுபவரிடம், வேர் பட்டைக்குள் இறங்கியிருக்கிறதா, மேலே படர்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் கத்தியை எடுக்கச் சொல்லுங்கள்.