கடைசி வண்டி வரும்வரை யாரும் நகராத காலம்

கேள்வி: பன்னிரண்டு வருடமாக, ஜீப் மாதிரி வண்டிகளைக் காட்டுப்பாதையில் ஓட்டும் ஒரு ஆஃப்ரோடு சந்திப்புக்கு விடாமல் போய்வருகிறேன். முன்பெல்லாம் விடிந்ததும் கிளம்பினால் இருட்டும்வரை காட்டுப்பாதையில்தான் கிடப்போம். இப்போது மேடை, பாட்டு, ஸ்டால், போட்டோ. பாதையில் இறங்குவது இரண்டு மணி நேரம்கூட இல்லை. இனி போகவே மனமில்லை. எனக்கு வயதாகிவிட்டதா, சந்திப்பு கெட்டுவிட்டதா?

பதில்: சந்திப்புதான் கெட்டுவிட்டது, உங்கள் வயதை இதில் இழுக்காதீர்கள்.

ஆனால் ஸ்டால் வந்ததால் கெட்டது என்று எழுதியிருக்கிறீர்களே, அதை நான் ஏற்கமாட்டேன். அமெரிக்காவின் மோவாப் ஊரில் 1967-ல் ஈஸ்டர் ஜீப் சஃபாரி என்ற வருடாந்திரச் சந்திப்பைத் தொடங்கியதே அந்த ஊர் வர்த்தக சபைதான். இன்றைக்கும் அங்கே கம்பெனிகள் வண்டியைக் கொண்டுவந்து காட்டுகின்றன, பாறையில் ஏறுகிறவர்களும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறார்கள். கேமல் ட்ரோஃபி கதை வேறு. 1980-ல் அமேசான் காட்டுச் சாலையில் தொடங்கி, சேற்றிலிருந்து வண்டியை இழுத்து இழுத்தே பேர் வாங்கிய போட்டி அது. யார் அடுத்தவர்களுக்கு அதிகம் தோள் கொடுத்தார்கள் என்று போட்டியாளர்களே ஓட்டுப் போட்டுத் தரும் பரிசுகூட அதில் இருந்தது. 1998-ல் சைக்கிள், கயாக் என்று திரும்பினார்கள், 2000-ல் கடலில் படகு ஓட்டினார்கள், அதோடு முடிந்தது. வண்டி ஓட்டுவது எப்போது ஓரத்துக்குப் போகிறதோ அப்போதுதான் இந்தக் கூட்டங்கள் சாகின்றன.

நான் முதன்முதலில் போனபோது பாதை தொடங்கும் இடத்தில் எல்லா வண்டியும் நின்றன. ஒரு பெரியவர் ஒவ்வொரு டயராகக் குந்தி உட்கார்ந்து, வால்வில் சின்னக் குச்சியை அழுத்தி உஸ்ஸென்று காற்றை இறக்கி, கேஜ் வைத்துப் பார்த்து, 32-ல் இருந்ததை 18-க்குக் கொண்டுவந்தார். எதற்கு என்று கேட்டேன். என் கையைப் பிடித்து டயர் மண்ணைத் தொடும் இடத்தில் வைத்து, "எவ்வளவு நீளமா படுக்குது பாரு, இனி வழுக்காது" என்றார். அன்று ஒரு வண்டி சிக்கினால் மொத்த வரிசையும் நிற்கும், கடைசி வண்டி கரையேறும்வரை ஒருவரும் நகரமாட்டார்கள்.

போன முறை பார்த்ததையும் சொல்கிறேன். சகதியில் மாட்டிய வண்டியின் டோ பாலில் ஒரு இளைஞர் ஸ்ட்ராப்பை மாட்டிக்கொண்டிருந்தார். டிரெய்லர் இழுக்க வைத்த உருண்டை அது. சிக்கிய வண்டியை வெடுக்கென்று இழுத்தால் பிய்த்துக்கொண்டு குண்டு மாதிரி பறக்கும், ஆளையே கொன்றிருக்கிறது. பத்தடி தள்ளி ஒரு கூட்டம் செல்போனைத் தூக்கிப் பிடித்து நிற்கிறது. கத்தி நிறுத்தினேன். அந்தப் பையன்மேல் எனக்குக் கோபமே வரவில்லை, ஷேஸியில் போல்ட் போட்ட கொக்கியில் மாட்ட வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. சொல்லியிருக்க வேண்டிய நாங்கள் நிழலில் உட்கார்ந்து பழைய கதை பேசிக்கொண்டிருந்தோம்.

நீங்களும் அந்த நிழலில்தான் இருந்திருப்பீர்கள். பன்னிரண்டு வருடத்தில் எத்தனை முறை முன்வண்டியாகப் போய் வழி காட்டினீர்கள்? ஈர மண்ணில் பாதையை விட்டு விலகி ஓட்டுகிறவர்களை ஒருமுறையாவது தடுத்தீர்களா? அந்தச் சக்கரத் தடம் அடுத்த மழையில் வாய்க்காலாகிவிடும், அப்புறம் காட்டை மூடிவிட்டார்கள் என்று புலம்பி என்ன பயன்?

போகாமல் இருந்துவிடாதீர்கள். நடத்துகிறவர்களுக்கு இப்போதே எழுதுங்கள்: ஒரு வரிசையில் பத்து வண்டிக்கு மேல் வேண்டாம், முன்னால் ஒன்று கடைசியில் ஒன்று பழகிய கை, வரிசை பிரியக் கூடாது, ஒரு முழுப் பகல் பாதைக்கு. கடைசி வண்டியை நான் ஓட்டுகிறேன் என்று அதிலேயே சேர்த்து எழுதுங்கள். மறுத்தால் ஆறு வண்டியைத் திரட்டிக்கொண்டு தனியாகக் கிளம்புங்கள், கலிபோர்னியாவின் கரடுமுரடான ரூபிகான் பாதையில் 1953-ல் ஜீப்போடு கூடியவர்களும் யாராவது மேடை போட்டுத் தரட்டும் என்று காத்திருக்கவில்லை. புதியவர் ஒருவரையாவது கூட்டிப் போங்கள். திரும்பும்போது தார் ரோடு ஏறும் முன்பு இறக்கிய காற்றை மறுபடி நிரப்ப வேண்டும் என்பதையும் அவருக்குச் சொல்லிக் கொடுங்கள், அதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.