அடிக்கடி ஸ்கூபா முக்குளித்தால் கண் கெடுமா?

வார இறுதிதோறும் சிங்கப்பூரின் புலாவ் ஹந்து தீவருகே முக்குளிப்பதால் பார்வை பாதிக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கண்ணுக்குள் காற்று இல்லாததால், ஆரோக்கியமான கண்ணை நீரழுத்தம் நசுக்குவதில்லை. சிக்கல், கண்ணையும் மூக்கையும் மூடும் முகமூடிக்குள் அடைபட்ட காற்றில்தான் இருக்கிறது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரட்டிப்பாகி அக்காற்று பாதியாகச் சுருங்கும்போது, மூக்கின் வழியே சிறிது காற்றை ஊதி ஈடுசெய்யாவிட்டால், முகமூடி கண்ணை வெளியே உறிஞ்சி இழுக்க, வெண்விழியின் நுண்ணிய இரத்தக்குழாய்கள் வெடித்து, கரையேறிக் கண்ணாடி பார்ப்பவர் திடுக்கிடும் அளவுக்குச் சிவந்துவிடும். வலியோ பார்வை மங்கலோ இல்லையெனில், அது இரண்டு மூன்று வாரங்களில் தானாக மறையும். மூக்கை மூடாத நீச்சல் கண்ணாடி இதனால்தான் முக்குளிக்க உதவாது. எனக்கு அதைவிடக் கவலை தருவது கான்டாக்ட் லென்ஸ்: கடல்நீர் பட்டதைக் கழற்றாமல் அணிந்திருந்தால் தொற்று ஏற்பட்டுக் கருவிழி புண்ணாகலாம் என்பதால், பவர் பொருத்திய முகமூடியே மேல். அண்மையில் கண் அறுவை செய்துகொண்டவர்கள் மருத்துவர் அனுமதிக்கும் வரை இறங்கவே கூடாது.