இரண்டாவது வேலைக்குக் கையெழுத்துப் போடும் முன்

தங்கச்சி, நாகர்கோவிலில் இருந்து பிரிட்டனுக்கு வந்து நாலு மாதம் ஆகிறது, நர்சுகளைப் பதிவுசெய்யும் என்.எம்.சி.யின் பின் நம்பரும் (பதிவு எண்) வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆஸ்பத்திரியில் வாரம் 37.5 மணி நேரம் போக, நர்சிங் ஹோமில் (இங்கே அது முதியோர் பராமரிப்பு இல்லம்) இரண்டு ஷிப்ட், ஞாயிற்றுக்கிழமை தமிழ்க் கடையில் கல்லா, முடிந்தால் தற்காலிக ஆள் அனுப்பும் ஏஜென்சி வேலையும் பார்க்கலாமா என்பது உங்கள் கேள்வி. வாடகை வீடு, குளிர்க் கோட்டு பற்றியெல்லாம் உங்கள் வார்டில் இருக்கும் மலையாளி அக்காமார் ஒரு டீ நேரத்தில் சொல்லிவிடுவார்கள். நான் வேலைக் கணக்கை மட்டும் சொல்கிறேன். அதில் தவறினால் விசாவும் பின் நம்பரும் சேர்ந்து போகும்.

கல்லா வேண்டவே வேண்டாம். ஹெல்த் அண்ட் கேர் விசாவில், ஸ்பான்சர், அதாவது விசாவுக்குப் பொறுப்பேற்ற முதலாளி, தந்த வேலையை விடாமல், அந்த நேரத்துக்கு வெளியே வாரம் 20 மணி வரை வேறு இடத்தில் வேலை செய்யலாம். ஆனால் அது ஸ்கில்ட் ஒர்க்கர் விசாவுக்குத் தகுதியான தொழில்களின் பட்டியலில் உள்ளதாக இருக்க வேண்டும். நர்ஸ் வேலைக்குத் தடையில்லை. கடை, ஓட்டல், டெலிவரி ஆகாது. "கையில் காசாகத் தருகிறோம், யாருக்குத் தெரியப்போகிறது" என்று சொல்லுகிற நம் ஆட்கள் மேல் எனக்குத் தீராத கோபம். மாட்டினால் விமானம் ஏறுவது அவர்கள் இல்லை, நீங்கள்.

நர்சிங் ஹோமிலும் லாங் டே எனப்படும் பன்னிரண்டரை மணி ஷிப்ட் இரண்டு கூடாது. ஒரு மணி நேர இடைவேளையைக் கழித்தாலும் ஒன்று பதினொன்றரை மணி, இரண்டு சேர்ந்தால் 23. ஒரு லாங் டேயும் ஒரு அரை ஷிப்டும்தான் வரம்புக்குள் நிற்கும். இந்த வாரம் கூடியதை அடுத்த வாரம் குறைத்துச் சரிக்கட்ட முடியாது. சொந்த ஆஸ்பத்திரியிலேயே அதே வேலையில் செய்யும் கூடுதல் ஷிப்டுக்கு இந்த 20 மணிக் கணக்கு கிடையாது. அதனால் முதலில் அங்கேயே கேளுங்கள். ஆனால் ஆஸ்பத்திரியின் கூடுதல் ஷிப்டுகளை (பேங்க் ஷிப்ட்) வேறு நிறுவனம் நடத்தினால் அதுவும் வெளிவேலைதான். சம்பளச் சீட்டில் முதலாளி பெயரைப் பாருங்கள்.

முதல் ஆறு மாதம் நர்சிங் ஹோம் இரவு ஷிப்டே எடுக்காதீர்கள் என்பது என் கருத்து. அங்கே பல இடங்களில் அந்த ஷிப்டுக்கு நீங்கள் ஒருவர்தான் பதிவுபெற்ற நர்ஸ். இன்சுலின், மார்பின், விழுந்த முதியவர், ஆம்புலன்ஸை அழைப்பதா என்ற முடிவு, எல்லாம் உங்கள் பின் நம்பர் மேல். 2014-க்கு முன் அடாப்டேஷன் (மேற்பார்வையில் வார்டுப் பயிற்சி) வழியாக வந்தவர்களுக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று மாதக்கணக்கில் வார்டு வேலை காட்டினார். இன்று ஆஸ்கி (OSCE) என்ற செய்முறைப் பரீட்சை முடிந்ததும் நோயாளிகளை ஒப்படைத்துவிடுகிறார்கள். அந்தப் பழைய ஆட்கள் "வாரம் எழுபது மணி நேரம் ஓட்டினோம்" என்று பெருமை பேசினால், அப்போது உங்கள் கையில் என்ன விசா இருந்தது என்று கேளுங்கள். நிரந்தர வதிவுரிமை உள்ளவருக்கு 20 மணி வரம்பே இல்லை.

வரியில் ஏமாறுவது இரண்டு இடத்தில். இரண்டாவது வேலையில் சேரும்போது நிரப்பும் ஸ்டார்ட்டர் செக்லிஸ்ட் படிவத்தில் "சி" (வேறு வேலையும் உண்டு) என்பதைக் குறியுங்கள். 12,570 பவுண்ட் வரிவிலக்கு முதல் வேலைக்கே போய்விடும், இரண்டாவதில் பி.ஆர். கோடு விழுந்து முதல் பவுண்டில் இருந்தே 20 சதவீதம் பிடிப்பார்கள். தவறி "ஏ" குறித்தால் விலக்கு இரண்டு முறை கிடைத்து, பின்னால் வரித்துறையான எச்.எம்.ஆர்.சி. மொத்தமாகத் திருப்பிக் கேட்கும். அடுத்தது அம்பர்லா கம்பெனி, அதாவது ஏஜென்சிக்கும் உங்களுக்கும் நடுவில் நின்று சம்பளம் தரும் கம்பெனி. ஏஜென்சி சொல்லும் மணிக்கூலியில் இருந்து முதலாளியின் 15 சதவீத நேஷனல் இன்சூரன்ஸும் அவர்கள் கமிஷனும் போன பிறகுதான் உங்கள் வரியே தொடங்கும். பி.ஏ.ஒய்.இ. முறையில் (வரியைப் பிடித்துக்கொண்டு) நேராகச் சம்பளம் தரும் ஏஜென்சியையே தேடுங்கள்.

ஷிப்டுக்கும் ஷிப்டுக்கும் நடுவில் 11 மணி ஓய்வு வேண்டும். வாரச் சராசரி 48 மணியைத் தாண்ட நீங்கள் எழுதித் தந்தால்தான் முடியும், அதைத் திரும்பப் பெறவும் உரிமை உண்டு. வெளிவேலையை மேட்ரனிடம் முன்கூட்டியே எழுத்தில் தெரிவியுங்கள். ஆஸ்பத்திரியில் சிக் சொல்லிவிட்டு அதே நாள் வேறு இடத்தில் நிற்பது மோசடி, என்.எம்.சி. விசாரணை வரை போகும்.

பணம் போதவில்லை என்பது புரிகிறது. உங்கள் கணவர் டிபெண்டன்ட் விசாவில் கூட இருக்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு விசாவின் 20 மணி வரம்பு கிடையாது, முழுநேரமும் செய்யலாம், சொந்தத் தொழிலும் செய்யலாம். அந்தக் கடைக் கல்லாவில் அவர் உட்காரட்டும்.